ஒற்றை பிஸ்டன் காப்பாற்றிய கம்பெனி

கேடிஎம் இரண்டு முறை திவாலானது, இரண்டு முறையும் பிழைத்தது. அது ஏன் விழுந்தது, எதனால் எழுந்தது என்பதற்கு அதன் 147 கிலோ பைக் ஒன்றிலேயே விடை இருக்கிறது.

2024 நவம்பர் 29ஆம் தேதி, ஆஸ்திரியாவின் ரீட் இம் இன்கிரைஸ் நகர நீதிமன்றத்தில் கேடிஎம் கம்பெனி கையை விரித்தது. கடனை அடைக்க வழியில்லை, நீதிமன்றக் கண்காணிப்பில் நிறுவனத்தைச் சீரமைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்பதே மனுவின் சாரம். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அதன் தாய் நிறுவனமான பியரர் மொபிலிட்டி 3,81,555 பைக்குகளை விற்றிருந்தது. டாக்கர் ராலியில் 2001 முதல் 2019 வரை தொடர்ந்து 18 முறை வென்ற பெயர், மோட்டோ ஜிபி பந்தயத்தில் வெற்றிகள், நம் ஊர்க் கல்லூரி வாசல்கள் வரை வந்து நிற்கும் ஆரஞ்சு நிற ட்யூக் பைக்குகள் என்று எல்லாம் இருந்தும், அந்த மாதச் சம்பளம் தொழிலாளர்கள் கைக்கு வரவில்லை. அரசின் திவால் ஈட்டு நிதிதான் பிறகு அதைக் கொடுத்தது. கிடங்குகளிலும் டீலர்களிடமும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பைக்குகள் விலைபோகாமல் தேங்கியிருந்தன.

கேடிஎம்முக்கு இது புதிய அனுபவமும் இல்லை. 1991 முடிவிலும் அது இப்படித்தான் விழுந்தது. வட்டி உயர்ந்தது, சந்தை படுத்தது, நிர்வாகம் தவறியது என்று இரண்டு வீழ்ச்சிகளுக்கும் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. எதுவும் பொய்யில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தை மட்டும் புரட்டினால் பாதிதான் புரியும். மீதிக்கு இந்தக் கம்பெனி செய்யும் 690 எஸ்எம்சி ஆர் என்ற ஒற்றை சிலிண்டர் சூப்பர்மோட்டோவைப் பார்க்க வேண்டும். தேவையில்லாத ஒவ்வொன்றையும் கழற்றிவிட்ட பிறகு மிஞ்சியதே அந்த பைக். கேடிஎம்மின் தொண்ணூறு ஆண்டு வரலாற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது: கழிக்கத் தெரிந்த காலங்களில் கம்பெனி வளர்ந்தது, கண்டதையெல்லாம் சேர்த்துக்கொண்ட காலங்களில் கவிழ்ந்தது.

டிவிக்காகப் பிறந்த பந்தயம்

சூப்பர்மோட்டோ பிறந்ததே ஒரு கேள்விக்கு விடை தேடித்தான். தார்ச்சாலைப் பந்தயம், வட்ட மண்தளப் பந்தயம், மேடு பள்ளம் தாண்டும் மோட்டோகிராஸ் என்று மூன்று உலகங்கள் தனித்தனியாக இயங்கிய காலத்தில், எல்லாத் தரையிலும் வெல்லக்கூடிய வீரர் யார் என்று கண்டுபிடிக்க நினைத்தார் கேவின் டிரிப் என்ற பந்தய அமைப்பாளர். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி தன் 'வைட் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்ஸ்' நிகழ்ச்சிக்காக அந்த யோசனையைக் கையில் எடுத்தது. 1979இல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பேட் மைதானத்தில், பாதி தாரும் பாதி மண்ணுமாக அமைத்த தடத்தில் 'சூப்பர்பைக்கர்ஸ்' போட்டி நடந்தது. கென்னி ராபர்ட்ஸ், எடி லாசன் போன்ற சாலைப் பந்தய நட்சத்திரங்கள் மோட்டோகிராஸ் வீரர்களோடு மோதினார்கள். 1985க்குப் பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சி இதைக் கைவிட்டது. ஆனால் பிரான்ஸும் இத்தாலியும் பிடித்துக்கொண்டன. 2002இல் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் உலகச் சாம்பியன்ஷிப் அந்தஸ்தும் கிடைத்தது.

இந்தப் பந்தயத்துக்குத் தோதான வண்டியை யாரும் வரைபடப் பலகையில் உட்கார்ந்து உருவாக்கவில்லை. மோட்டோகிராஸ் பைக்கை எடுத்து, 21 அங்குல முன்சக்கரத்தையும் 18 அல்லது 19 அங்குலப் பின்சக்கரத்தையும் கழற்றி, 17 அங்குலச் சக்கரங்களில் சாலை டயர் மாட்டி, முன்னால் பெரிய டிஸ்க் பிரேக் பொருத்தினார்கள். நீண்ட சஸ்பென்ஷனும் அகன்ற ஹேண்டில்பாரும் அப்படியே நின்றன. வளைவுக்குள் நுழையும்போது வீரர் உள்பக்கக் காலை நீட்டி, பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, மண்பாதை உத்தியையே தாரிலும் செய்தார். வண்டி கனமாக இருந்தால் அந்த வித்தை நடக்காது. எடையும் அகலமும் கூடக் கூட, திசை மாற்ற எடுக்கும் நேரமும் கூடும். ஆக, இந்த வகை பைக்கின் இலக்கணத்தில் முதல் விதி எடைதான். குதிரைத்திறன் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

147 கிலோவின் கணக்கு

2019இல் மறுபடி சந்தைக்கு வந்த 690 எஸ்எம்சி ஆரின் விவரப் பட்டியலைப் பார்த்தால் அந்த விதி எவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். 693 சிசி இன்ஜின், 75 பிஎஸ் சக்தி, 73.5 நியூட்டன் மீட்டர் டார்க். பெட்ரோல் இல்லாமல் எடை 147 கிலோ. ஒரு ஒப்பீட்டுக்கு, சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-உம் ஒற்றை சிலிண்டர்தான். 349 சிசி, 20 பிஎஸ், பெட்ரோலோடு எடை 195 கிலோ. என்ஃபீல்டு அதை நிதானத்துக்காகச் செய்கிறது, அதில் தவறே இல்லை. ஆனால் ஒரே ஒரு பிஸ்டனை வைத்துக்கொண்டு எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இந்த இரண்டும் இரு எல்லைகள். எஸ்எம்சி ஆரில் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் சக்தி, நான்கு சிலிண்டர் வைத்த பல நடுத்தர பைக்குகளை வெட்கப்பட வைக்கும்.

எடை எங்கே குறைந்தது என்பதில்தான் பொறியியல் இருக்கிறது. குரோமியம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களைப் பின்னல்போல இணைத்த டிரெல்லிஸ் ஃபிரேம், கனமில்லாமலே உறுதி தருகிறது. பின்பக்கம் தனியாக ஒரு சப்ஃபிரேம் வைத்து அதன்மேல் சீட்டைத் தாங்குவதுதான் வழக்கம். இங்கே 13.5 லிட்டர் பெட்ரோல் டாங்க்கே பின்னால் போய், சீட்டைத் தாங்கும் சட்டமாகவும் வேலை செய்கிறது. ஒரு பொருளை இரண்டு வேலை வாங்கினால் இன்னொரு பொருள் மிச்சம். இன்ஜினும் அப்படித்தான். ஒரு சிலிண்டர் என்றால் ஒரு பிஸ்டன், ஒரு கனெக்டிங் ராட், நான்கே வால்வுகள். வண்டியின் இடுப்பும் ஒடுங்கிவிடுகிறது. மெலிந்த இடுப்பு இருந்தால்தான் ஓட்டுநர் முன்னும் பின்னுமாக நகர்ந்து தன் உடம்பின் எடையையே ஸ்டியரிங்காகப் பயன்படுத்த முடியும்.

ஒற்றை சிலிண்டருக்கு ஒரு சாபமும் உண்டு. உரலில் ஒரே உலக்கை விழும்போது வீடே அதிரும்; இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தும்போது தாளம் சீராகிவிடும். 105 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் ஒன்று 80 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் பாயும்போது எழும் உதறலைச் சமன்செய்ய எதிரே இன்னொரு பிஸ்டன் கிடையாது. இதற்காக கிராங்க் அருகே சுழலும் பேலன்ஸர் தண்டு நெடுங்காலமாக இருந்தது. சிலிண்டர் தலையிலேயே இரண்டாவது தண்டையும் சேர்த்த பிறகு, பழைய பெரிய சிங்கிள்களில் கை மரத்துப்போகச் செய்த அதிர்வு பெருமளவு அடங்கியது. 450 சிசி பந்தய சூப்பர்மோட்டோக்களில் இன்ஜின் பராமரிப்பை ஓடிய மணிக்கணக்கில் எண்ணுவார்கள். இந்த இன்ஜினுக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் போதும். பந்தயத் தடத்துக் குணத்தை அன்றாடச் சாலைக்குக் கொண்டுவந்ததே இதன் உண்மையான சாதனை.

மட்டிக்ஹோஃபன் பட்டறை

இந்த இன்ஜினைப் பெற்ற ஊர் மட்டிக்ஹோஃபன். மேல் ஆஸ்திரியாவில், சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். 1934இல் ஹான்ஸ் டிரங்கன்போல்ஸ் அங்கே பூட்டு வேலைக்கும் வாகனப் பழுதுக்குமாக ஒரு பட்டறை தொடங்கினார். போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் மலிவான போக்குவரத்துக்குப் பெரிய தேவை இருந்தது. ரோட்டாக்ஸ் இன்ஜினை வாங்கிப் பொருத்திய ஆர்100 என்ற சிறிய பைக்கை உருவாக்கி, 1953இல் உற்பத்தியைத் தொடங்கினார். அந்த ஆண்டு எர்ன்ஸ்ட் கிரோன்ரைஃப் பங்குதாரராகச் சேர, கிரோன்ரைஃப், டிரங்கன்போல்ஸ், மட்டிக்ஹோஃபன் என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்துகள் கம்பெனியின் பெயராயின. ஏறத்தாழ 20 பேர் வேலைசெய்து நாளுக்கு மூன்று வண்டிகள் வெளியே அனுப்பிய காலம் அது. நிறுவனர்கள் இருவரும் 1960களின் தொடக்கத்திலேயே மறைய, ஹான்ஸின் மகன் எரிக் பொறுப்பேற்றார்.

கேடிஎம்முக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது மண்பாதை. 1974இல் சோவியத் வீரர் கென்னடி மோய்செயேவ் 250 சிசி மோட்டோகிராஸில் கம்பெனிக்கு முதல் உலகப் பட்டத்தை வென்றார். 1977, 1978 ஆண்டுகளிலும் அவரே சாம்பியன். ஆனால் தொழிற்சாலைக்குள் நடந்தது வேறு. ஸ்கூட்டர், மொபெட், சைக்கிள், பின்னர் ரேடியேட்டர் என்று சரக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. 1980களில் மொபெட், ஸ்கூட்டர் விற்பனை சரிந்தபோது அந்த விரிவே சுமையானது. 1989இல் எரிக் டிரங்கன்போல்ஸ் இறந்தார். ஆஸ்திரிய அரசியல்வாதி யோசஃப் டாவுஸின் முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கிச் சீர்செய்ய முயன்றது, முடியவில்லை. 1991இல் கடன் கொடுத்த வங்கிகளின் கைக்குப் போன கம்பெனி, அந்த ஆண்டு முடியுமுன் திவாலானது.

அதற்குப் பிறகு நடந்த அறுவை சிகிச்சையில்தான் இன்றைய கேடிஎம் பிறந்தது. 1992இல் கம்பெனி நான்கு துண்டாக வெட்டப்பட்டது: மோட்டார் சைக்கிள், சைக்கிள், ரேடியேட்டர், கருவித் தயாரிப்பு. இன்றைக்கும் கேடிஎம் சைக்கிள் கம்பெனி தனி, கேடிஎம் பைக் கம்பெனி தனி. மோட்டார் சைக்கிள் துண்டை வாங்கிய ஸ்டெஃபான் பியரர் கையில் அப்போது இருந்த நல்ல சொத்துகளில் முக்கியமானது, 1987 முதல் கேடிஎம் செய்துவந்த எல்சி4 என்ற ஒற்றை சிலிண்டர் இன்ஜின். நீரால் குளிரூட்டப்படும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதே அந்தப் பெயரின் விரிவு. ஜப்பானியர்களோடு நான்கு சிலிண்டரில் மோதப் பணமில்லை. இத்தாலியர்களோடு அழகில் மோதப் பாரம்பரியமில்லை. கையில் இருந்ததை வைத்தே சாலைக்கு ஒரு பைக் செய்தார்கள்.

1994இல் வெளிவந்த ட்யூக் 620 அதுதான். மண்பாதை பைக்கின் உடம்பு, எல்சி4 இன்ஜின், 17 அங்குலச் சாலைச் சக்கரங்கள், வடிவமைப்பாளர் ஜெரால்ட் கிஸ்கா வழியில் வந்த கூரான முகம். தொடக்க மாடல்களில் செல்ஃப் ஸ்டார்ட்டர்கூட இல்லை, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். தொழிற்சாலையிலிருந்தே சாலை உரிமத்தோடு வந்த தொடக்ககால சூப்பர்மோட்டோக்களில் ஒன்று என்று அதைச் சொன்னால் மிகையாகாது. திவாலிலிருந்து எழுந்த கம்பெனி இதைக் கொண்டுதான் தனக்கென ஒரு முகத்தை ஊன்றிக்கொண்டது. 1995இல் ஸ்வீடனின் ஹூசாபெர்க் கம்பெனியையும் சஸ்பென்ஷன் தயாரிப்பாளரான டபிள்யூபி நிறுவனத்தையும் கேடிஎம் வாங்கியது. எடை குறைந்த நான்கு ஸ்ட்ரோக் பந்தய பைக் செய்யும் அறிவு ஒன்றிலும், அதற்கேற்ற சஸ்பென்ஷன் மற்றொன்றிலும் இருந்தது. அந்தக் காலத்தில் கேடிஎம் சேர்த்துக்கொண்டவைகூட அதன் மையத்தை வலுப்படுத்தியவையே.

புனேயின் பங்கு

இந்தக் கதையின் அடுத்த திருப்பம் நம் நாட்டில். 2007இல் பஜாஜ் ஆட்டோ கேடிஎம்மில் 14.5 சதவீதப் பங்கை வாங்கியது. பிறகு அது படிப்படியாகப் பாதிக்கு அருகே உயர்ந்தது. 2012 ஜனவரியில் 200 ட்யூக், 2013இல் 390 ட்யூக் என்று புனேக்கு அருகிலுள்ள சக்கன் ஆலையிலிருந்து வண்டிகள் இறங்கின. ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கும் குறைவான விலையில் வந்த 200 ட்யூக், அதுவரை மைலேஜ் ஒன்றையே வேதமாகக் கொண்டிருந்த இந்தியச் சந்தையில் டிரெல்லிஸ் ஃபிரேம், தலைகீழ் ஃபோர்க், நீர்க்குளிரூட்டல் ஆகியவற்றைச் சாதாரணக் குடும்பத்து இளைஞனின் பேச்சில் நுழைத்தது. முதல் 390 ட்யூக்கின் 373 சிசி இன்ஜின் தந்தது 44 பிஎஸ். பெட்ரோல் இல்லாமல் எடை 139 கிலோ. 2023 ஜனவரியில் சக்கன் ஆலை தன் பத்து லட்சமாவது கேடிஎம்மை வெளியே அனுப்பியது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். சூப்பர்மோட்டோ என்பது சில ஆயிரம் பேர் வாங்கும் விளையாட்டுப் பொருள். கேடிஎம்மை வளர்த்தது பஜாஜின் மலிவு உற்பத்தியும் லட்சக்கணக்கில் விற்ற சிறிய ட்யூக்குகளும்தானே? எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மறுக்க முடியாது. ஆனால் எண்ணிக்கை வந்தது எந்தச் சரக்கில் என்று பார்க்க வேண்டும். 200 ட்யூக்கும் 390 ட்யூக்கும் 1994இன் ட்யூக் கற்றுக்கொடுத்த அதே பாடத்தின் சிறிய பிரதிகள்: ஒற்றை சிலிண்டர், எஃகுப் பின்னல் ஃபிரேம், குறைந்த எடை, அகன்ற ஹேண்டில்பார். பஜாஜ் அந்தச் சூத்திரத்தை நீர்க்கச் செய்யாமல் விலையை மட்டும் குறைத்தது. ஒரு கம்பெனியின் மையச் சரக்கு நேரடியாக எத்தனை விற்கிறது என்பதைவிட, அதன் குணம் எத்தனை வண்டிகளில் இறங்குகிறது என்பதே முக்கியம்.

ஒரே பைக், மூன்று நிறம்

பிறகு சறுக்கல் எங்கே தொடங்கியது? 690 எஸ்எம்சி ஆரின் சொந்தக் கதையிலேயே அதன் தடயம் இருக்கிறது. 2013இல் பியரர், பிஎம்டபிள்யூவிடமிருந்து ஹூஸ்க்வர்னா பைக் நிறுவனத்தை வாங்கினார். 2016இல் 690இன் உடம்பிலேயே ஹூஸ்க்வர்னா 701 சூப்பர்மோட்டோ வந்தது. 2017க்குப் பிறகு ஆரஞ்சு எஸ்எம்சி ஆர் சிறிது காலம் காணாமல் போய் 2019இல் திரும்பியது. அதே 2019இல் ஸ்பெயினின் கேஸ்கேஸ் நிறுவனமும் குழுமத்துக்குள் வந்தது. 2022இல் அதன் சிவப்பு நிறத்தில் எஸ்எம் 700 அறிமுகமானது. அடிப்படையில் ஒரே ஃபிரேம், ஒரே இன்ஜின், ஆனால் மூன்று பெயர், மூன்று விளம்பரம், மூன்று ஷோரூம், மூன்று கிடங்கு. இன்ஜினைப் பகிர்வது சிக்கனம். அதையே மூன்று பெயரில், ஏற்கெனவே சிறியதான ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தின் முன் வைப்பது சிக்கனத்துக்கு நேர்மாறானது.

அதே மனப்போக்கு எல்லாத் திசையிலும் பரவியது. 2017 முதல் வி4 இன்ஜினோடு மோட்டோ ஜிபி. 2021இல் ஃபெல்ட் என்ற அமெரிக்க சைக்கிள் நிறுவனத்தைக் குழுமம் வாங்கியது. மின்சைக்கிளில் பெரிய கனவு கண்டது. 1992இல் எந்தத் தொழிலை வெட்டி எறிந்து பிழைத்ததோ, அதே தொழிலுக்கு வேறு பெயரில் திரும்பிப் போனது என்று சொல்லலாம். 2022இல் இத்தாலியின் எம்வி அகஸ்டாவில் பங்கு, 2024இல் அதன் பெரும்பான்மையும் வந்தது. கொரோனா காலத்தில் இரு சக்கர வாகனத்துக்கு எழுந்த திடீர்த் தேவை நிலைக்கும் என்று எண்ணி ஆலைகள் முழு வேகத்தில் ஓடின. தேவை தணிந்தபோதும் உற்பத்தி அதற்கேற்ற வேகத்தில் தணியவில்லை. 2024இல் விற்பனை 2,92,497 ஆகச் சுருங்கியது. முடிவு மேலே சொன்ன நீதிமன்றம்.

இதற்கு வைக்கப்படும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வட்டி விகிதம் உயர்ந்தது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள். இதில் கேடிஎம்மின் குணத்தைக் குறைசொல்ல என்ன இருக்கிறது என்பார்கள். வட்டி எல்லாருக்கும்தான் உயர்ந்தது. ஆனால் ஐரோப்பாவின் பிற பெரிய பைக் கம்பெனிகள் திவால் நீதிமன்றம் போகவில்லை. சந்தை குறைவது வெளியிலிருந்து வரும் அடி. விற்காத பைக்கை மேலும் செய்துகொண்டே போவது உள்ளே எடுக்கும் முடிவு. விரிவு பெரிதாக இருந்ததால்தான் அந்த முடிவை நிறுத்துவதும் கடினமாயிற்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விற்பனை இலக்கு, ஒவ்வொரு ஷோரூமுக்கும் ஒரு சரக்கு ஒதுக்கீடு என்று ஆனபின் பிரேக்கைப் பிடிக்க யாருக்கும் மனம் வராது. அந்த இடைவெளியில் அடிபட்டவர்கள் தொழிலாளர்களும் சிறு சப்ளையர்களும். 2025 பிப்ரவரியில் கடன் கொடுத்தவர்கள் ஏற்றுக்கொண்ட திட்டப்படி, சப்ளையர்களுக்குக் கிடைத்தது பாக்கியில் 30 சதவீதம்தான்.

மற்றொரு மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது. பெரிய ஒற்றை சிலிண்டர் காலம் முடிந்துபோன இன்ஜின், அகன்ற பிஸ்டனில் எரிபொருள் சீராக எரிவது கடினம், மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக அது தானாகச் சாகும், அதன்மேல் ஒரு கம்பெனியை எப்படி நிறுத்துவது என்பது கேள்வி. பல ஜப்பானிய கம்பெனிகள் பெரிய சிங்கிள்களை ஐரோப்பாவில் கைவிட்டது உண்மை. ஆனால் 2023 நவம்பரில் டுகாட்டி, ஹைபர்மோட்டார்ட் 698 மோனோ என்ற சூப்பர்மோட்டோவைக் காட்டியது. இரட்டை சிலிண்டரையே அடையாளமாகக் கொண்ட அந்தக் கம்பெனி, பல பத்தாண்டுகளாக விட்டுவைத்திருந்த சாலை சிங்கிளுக்குத் திரும்பி, 659 சிசியில் 77.5 பிஎஸ் எடுத்தது. இந்தியாவில் அதன் ஆர்விஇ மாடல் 2024இல் 16.5 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானது. கேடிஎம்மும் யூரோ 5+ விதிக்கு ஏற்ப எல்சி4 இன்ஜினைப் பெரும்பகுதி மாற்றி, 690இன் சக்தியை 79 பிஎஸ்ஸாக உயர்த்தியது. சாகப்போகிற இன்ஜினுக்கு இரண்டு கம்பெனிகள் இவ்வளவு செலவு செய்யாது.

இந்த பைக்கின் குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. 890 மில்லிமீட்டர் உயர சீட் நம்மில் பலருக்கு எட்டாது. நெடுஞ்சாலையில் காற்றுக்கு முன்னே எந்தத் தடுப்பும் இல்லை. பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு இது தண்டனை. குறைந்த எடையும் அதிக சக்தியும் சேர்ந்த வண்டி, அனுபவமில்லாத கைக்கு ஆபத்து என்பதில் விவாதமே இல்லை. எல்லாருக்கும் ஏற்ற வண்டி என்று இதை யாரும் விற்கவும் இல்லை. அதே வகுப்பில் எல்லாருக்கும் ஏற்றதாகச் செய்யப்போய்க் கனத்துப்போன வண்டிகள் நிறைய. கேடிஎம்மே 2005இல் 950 சூப்பர்மோட்டோ என்ற இரட்டை சிலிண்டர் வண்டியைச் செய்தது. வேகமான, நல்ல பைக்தான். ஆனால் வளைவில் காலை நீட்டிப் பாயும் அந்தக் குணத்தைக் காப்பாற்றிக்கொண்டு இன்றுவரை தொடர்வது ஒற்றை சிலிண்டர்தான்.

இனி பஜாஜ் என்ன செய்ய வேண்டும்?

2025 ஜனவரியில், தொழிற்சாலை மூடிக்கிடந்த நேரத்தில், சவூதி அரேபியப் பாலைவனத்தில் டேனியல் சாண்டர்ஸ் கேடிஎம்மின் 450 சிசி ஒற்றை சிலிண்டர் பைக்கில் டாக்கர் ராலியை வென்றார். அதே மாதம் பியரர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக, கோட்ஃப்ரீட் நாய்மைஸ்டர் அந்த இடத்துக்கு வந்தார். எம்வி அகஸ்டா பழைய உரிமையாளர்களிடமே திரும்பிப் போனது. மே மாதத்தில் பஜாஜ் மொத்தம் 80 கோடி யூரோ நிதித் திட்டத்தோடு கை கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் கட்டுப்பாடும் முழுமையாகப் பஜாஜ் கைக்கு வந்தது; அதைத் தொடர்ந்து தாய் நிறுவனத்தின் பெயரே பஜாஜ் மொபிலிட்டி ஆனது. 1992இல் நடந்ததுபோலவே மறுபடியும் வேண்டாதது கழிகிறது. சைக்கிள் தொழிலிலிருந்து விலகுவதும் அதில் அடக்கம்.

பஜாஜுக்கு இப்போது இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, செலவைக் குறைக்க எல்லாவற்றையும் சக்கனுக்குக் கொண்டுவருவது. மற்றொன்று, போட்ட பணத்தை வேகமாக எடுக்க எண்ணிக்கையை ஏற்றுவது. முதலாவதில் ஓரளவு நியாயம் உண்டு. சக்கனில் பிறக்கும் 399 சிசி இன்ஜின் குடும்பத்தை வைத்து 2025இல் வந்த 390 எஸ்எம்சி ஆர், சூப்பர்மோட்டோவை உலகின் இளைஞர்களுக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்த முயற்சி. ட்யூக்கில் நடந்தது இதிலும் நடக்கலாம். ஆனால் இந்த இன்ஜின்களைப் பெற்ற மட்டிக்ஹோஃபன் வெறும் விலாசமாகிவிட்டால், சக்கனில் பிரதியெடுக்க மூலமே இருக்காது. இரண்டாவது ஆசை ஆபத்தானது. இரண்டரை லட்சம் பைக் தேங்கியதும் அந்த ஆசையால்தான்.

ஆகவே கேடிஎம்மின் அடுத்த பத்தாண்டை மதிப்பிட ஆண்டறிக்கையின் விற்பனை எண்ணிக்கை போதாது. எஸ்எம்சி ஆர் வரிசை இன்னும் மெலிந்தே இருக்கிறதா, ஒரே வண்டி எத்தனை பெயரில் விற்கிறது, கிடங்கில் எவ்வளவு நிற்கிறது என்ற மூன்றையும் பார்த்தால் கம்பெனியின் உடல்நிலை தெரிந்துவிடும். வாங்குகிற நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குதிரைத்திறனையும் திரையின் அளவையும் கேட்டுக் கேட்டே கம்பெனிகளைச் சேர்க்கப் பழக்குபவர்கள் நாம்தான். அடுத்த முறை ஷோரூமில் விவரப் பட்டியல் கைக்கு வந்தால், முதலில் எடை என்ற வரியைப் படியுங்கள்; மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.